உச்சிக்குழி திறந்த பங்குனி

சிலம்பாயி துணியைச் சும்மாடாகச் சுருட்டி உச்சந்தலையில் வைத்து, அதன் மேல் கலவைச் சட்டியை ஏற்றிக்கொள்ளக் கழுத்தை நிமிர்த்தியபோது, சும்மாடு ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. எடுத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறந்த குழந்தைக்கு இருப்பது போல உச்சியில் எலும்பே இல்லாமல் ஒரு பள்ளம் இருந்தது, அதற்குள் ஏதோ மெத்து மெத்தென்று துடித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதில், பங்குனி வெயிலில், பாதி கட்டிய ஒரு வீட்டின் முன்னால் நின்று இப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது அலுப்புதான். இருக்கிற வேலைகள் போதாதென்று இனி இதையும் அல்லவா பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

"என்னா, செலையாட்டம் நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சடையப்பன் மேஸ்திரி.

"உச்சி தொறந்துக்கிச்சுங்க மேஸ்திரி."

"ஒனக்குமா?" என்றார் அவர். கிட்டே வந்து பார்த்தார், ஆனால் தொடவில்லை. "சட்டியத் தூக்காத முதல்ல. ஒந்தலைக்கு நான் எங்க போயிப் பதில் சொல்றது?"

சுக்காம்பாறையில் அவள் முதல் ஆள் இல்லை. மாசிக் கடைசியிலேயே, முடி வெட்டிக்கொள்ளப் போன பஸ் கண்டக்டர் மாயவனின் தலையில் சீப்பை வைத்த சலூன்காரர், சீப்பு அழுந்துவதைப் பார்த்துக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, காசும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தலையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கும்பிட்டு அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ரைஸ்மில் முதலாளிக்கு, ரயில்வே கேட்டுப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த அம்மாவுக்கு, தாலுகா ஆபீஸ் டிரைவருக்கு என்று நாற்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்து ஒவ்வொரு உச்சியாகத் திறந்துகொண்டே வந்தது. முதல் வாரம் ஊர் பயந்தது. அடுத்த வாரம் ஊருக்குப் பயப்பட நேரமில்லை, ஏனென்றால் திறந்த உச்சிக்கு எண்ணெய் வைக்க வேண்டியிருந்தது.

உச்சிக்குழிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தெரியாதா என்ன? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காலில் போட்டுக் குளிப்பாட்டி விடுகிற அங்காயி, வீடு வீடாகப் போய் விளக்கெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, பள்ளத்தில் ஒரு குழி எண்ணெயைத் தேக்கி, சாம்பிராணிப் புகை காட்டி, வசம்பை நூலில் கோத்துத் தொந்தி தள்ளிய பெரிய மனிதர்களின் மணிக்கட்டில் கட்டிவிட்டு வந்தாள். மீசை வைத்த கண்டக்டரின் கன்னத்தில் அவர் மனைவி தினமும் திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் டூட்டிக்கு அனுப்பினாள், சில்லறைக்குச் சண்டை போட வந்தவர்கள்கூட அந்தப் பொட்டைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். மாரியம்மன் கோயிலில் மொட்டை வேண்டுதல்களையெல்லாம் ஒரு கொத்து முடி மட்டும் கொடுக்கிற பூமுடியோடு முடித்துக்கொள்ளலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார், முளைப்பாரியைத் தலையில் தூக்காமல் இடுப்பில் எடுத்துக்கொண்டு போனார்கள், தாழ்ந்த நிலைப்படிகளில் எல்லாம் பழைய சேலையைச் சுற்றி வைத்தார்கள். ஹெல்மெட் போடாதவர்களைப் பிடிக்கிற ஏட்டையா, "குனிஞ்சு காட்டு" என்று சொல்லி, பள்ளம் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போக விட்டார். யாராவது குனிந்து வாசலைத் தாண்டினால் வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் "தல, தல" என்று ஒரே குரலில் சொல்ல, இரண்டு வாரத்தில் அது உச்சி திறக்காதவர்களையும் வரவேற்கிற வார்த்தையாகிவிட்டது.

சிலம்பாயியை அங்காயிதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த ஜெனிபர் டாக்டர் சின்ன வயசுக்காரி, அன்று காலையிலிருந்து அதே விளக்கத்தைச் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போயிருந்தாள்.

"எல்லார் மூளையிலயும் கொஞ்சம் செல்லுங்க இருக்கும்மா. நாம பொறக்குறதுக்கு முன்னாடியே அதுங்க பொறந்திரும், ஆனா வளராது. தனக்கு என்ன வேலைன்னு தெரியாம அப்படியே சின்னதாவே இருக்கும். எலிக்கு அது கம்மி. ஆட்டுக்கு, நமக்கெல்லாம் கொஞ்சம் அதிகம். எத்தன வயசானாலும் அதுங்க வளந்து, பக்கத்துல இருக்கிறதோட கை கோத்துக்கலாம். ஒங்களுக்கெல்லாம் இப்ப அதான் நடக்குது போல. எலும்பு ஏன் வழி விடுதுன்னு மட்டும் எனக்குச் சொல்லத் தெரியல."

"அப்ப இத்தன வருசமா எந்தலைக்குள்ளயே ஒக்காந்து சும்மா சோறு தின்னுருக்குதுங்க" என்றாள் சிலம்பாயி. "நான் அதுங்களயும் சேத்தில்ல சொமந்துருக்கேன்."

டாக்டரும் அங்காயியும் சிரித்தார்கள். சிலம்பாயி சிரிக்கவில்லை. தன் உடம்பிலேயே ஓய்வாக இருந்த ஒரு கூட்டம் உண்டு என்பதும், அந்த ஓய்வில் ஒரு பங்குகூடத் தனக்கு வரவில்லை என்பதும் அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. டாக்டர் சொன்னதை ஊருக்குள் கறிக்கடைக்காரர் பரப்பினார். ஆட்டு மூளையைக் கையில் ஏந்திக்காட்டி, இதுக்குள்ளயும் பிஞ்சு இருக்குதாம், பழுக்காத பிஞ்சு, என்று அவர் சொன்னதிலிருந்து ஊரில் அதற்குப் பிஞ்சு என்றே பேராகிவிட்டது.

பிஞ்சு முற்றினால் என்ன ஆகும் என்பதை ஊர் கொஞ்சம் மெதுவாகத்தான் தெரிந்துகொண்டது. உச்சி திறந்திருக்கிற ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஏதோ ஒன்று, ஒரே ஒன்று, முழுசாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எலும்பு மூடிவிடும். கணுக்கால் தண்ணீருக்கே அலறுகிற கண்டக்டர் மாயவன் பங்குனி பாதியிலேயே கல்குவாரிக் குட்டையின் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தினார். ரைஸ்மில் முதலாளி கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளத்தான் ஆசைப்பட்டார், ஆள் வைத்துப் படிக்கவும் செய்தார். ஆனால் பக்கத்து அறையில் மருமகள் நாள் முழுக்க இந்தி சீரியல் ஓட விட்டிருந்தாள், அதில் வருகிற மாமனார் கடைசியில் என்ன ஆவாரோ என்று இவர் மனசு அங்கேயே கிடந்தது. உச்சி மூடியபோது கம்ப்யூட்டர் போன இடம் தெரியவில்லை, இந்தி மட்டும் சுத்தமாக வந்திருந்தது. இப்போது பொழுது சாய்ந்தால் பானிபூரி வண்டிக்காரரோடு நின்று பேசுகிறார், அந்த மனிதர் சொந்த ஊரை நினைத்து அழுகிறார், இவரும் கூட நின்று அழுகிறார்.

சிலம்பாயிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குக் கரண்டி வேண்டும், கொத்தனார் பிடிக்கிற கரண்டி.

இருபது வருஷத்துக்கு மேலாக அவள் சித்தாள். பையன்கள் மண் வெட்ட வருவார்கள், கலவை போடுவார்கள், ஒரு நாள் கரண்டியைப் பிடித்துக் கொத்தனாராகிப் போய்விடுவார்கள். பெண்கள் சட்டியோடு வருவார்கள், சட்டியோடேயே கிழவியாகிப் போவார்கள். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, அதனால் யாரும் மாற்றவும் இல்லை. அவள் புருஷன் வையாபுரி அந்த வட்டாரத்திலேயே நல்ல கொத்தனார், அவனுக்குத்தான் அவள் கல்லும் கலவையும் சுமந்தாள். ஒருமுறை அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் கரண்டியை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்த்தாள். அவன் வந்து பார்த்தான், திட்டவில்லை, சிரித்துக்கொண்டே அந்த இரண்டு கல்லையும் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை.

வையாபுரி வேலையில் பேசவே மாட்டான். கலவை தீர்ந்தால் கரண்டிக் கட்டையால் கல்லில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். எல்லாக் கொத்தனாரும் அப்படித்தான். அந்தச் சத்தம் கேட்டால் சித்தாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், எழுந்து சட்டியோடு ஓட வேண்டும். சிலம்பாயியின் கால்கள் அந்தச் சத்தத்துக்கு அவளைக் கேட்காமலே ஓடிப் பழகியிருந்தன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரக் கம்பு சறுக்கி வையாபுரி விழுந்தான். உயிர் தங்கியது. பேச்சு போய்விட்டது, ஒரு பக்கம் போய்விட்டது, மிச்சம் இருந்தது இடது கை ஒன்றுதான். பலகைக் கட்டிலில் படுத்தபடி அவன் அந்தக் கையால் கட்டில் விளிம்பைத் தட்டுவான். தட்டினால் அவள் எழுந்து ஓடித் தண்ணீர் கொண்டுவருவாள். குடிப்பான், மறுபடி தட்டுவான். கஞ்சி கொண்டுவருவாள், விசிறி எடுத்து வருவாள், மூத்திரச் சட்டி வைப்பாள், தலையணையைத் திருப்பிப் போடுவாள். அவள் அடுப்படிக்குப் போய் உட்காரப் போகிற நேரம் பார்த்து மறுபடியும் தட்டுவான். கட்டிலில் அவன் கை விழுகிற இடம், அவன் இடுப்புக்குப் பக்கத்தில் விளிம்போரமாக, மழுமழுவென்று தேய்ந்து போயிருந்தது.

"படுத்த படுக்கையிலயும் ஒம்புருசன் கொத்தனார்தாண்டி" என்பாள் அங்காயி. "இன்னமும் ஒன்னய வேல வாங்குறான் பாரு."

சிலம்பாயிக்கு அது வேடிக்கையாக இல்லை. சில நாள் அந்தக் கையைப் பிடித்து முறுக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியிருக்கிறது. தோன்றியதை யாரிடமும் சொன்னதில்லை.

உச்சி திறந்தவள் சுமை தூக்க முடியாது, சுமக்காவிட்டால் அடுப்பு எரியாது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு அவள் மேஸ்திரியிடம் போனாள்.

"மேஸ்திரி, எனக்குக் கரண்டி வேல குடுங்க."

"என்னாது?"

"பிஞ்சு முத்துறப்ப ஏதோ ஒன்னு உள்ள போவுதில்ல. எனக்கு அது போவட்டும்."

சடையப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் அதுவரை யாரும் அவரை யோசிக்க வைத்ததும் இல்லை. வெற்றிலையை மென்று முடிக்கும்வரை யோசித்தார். "உச்சி மூடுறதுக்குள்ள ஒரு ஆள் ஒசரச் செவுரு கட்டி வெய்யி. நான் வந்து தூக்குக்குண்டு போட்டுப் பாக்குறேன். நேரா நின்னுச்சுன்னா நீயும் கொத்தனாரு, எவன் சிரிச்சாலும் நான் பாத்துக்கிறேன். நிக்கலேன்னா, பழையபடி சட்டிய எடுத்துக்க."

அவள் வீட்டுப் பின்பக்கத்தில், இடிந்த மாட்டுக் கொட்டகையின் பழைய செங்கல்லைப் பொறுக்கி, செம்மண்ணைக் குழைத்து, வையாபுரியின் கரண்டியைப் பரண் மேலிருந்து எடுத்துத் துடைத்து, சுவர் கட்ட ஆரம்பித்தாள். தெருவில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள், பத்திரமாக இரு என்றார்கள், தலைக்கு நிழல் வேண்டும் என்று ஓலைத் தடுப்பு ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். அங்காயி கஞ்சியும் கொண்டுவந்து எண்ணெயும் வைத்தாள். ஊரே அவள் கொத்தனாராவதற்குக் காத்திருந்தது, கண்டக்டர் நீந்தியதைப் பார்த்த ஊருக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கட்டிலைக் கொல்லை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள், அவனை விட்டுவிட்டு எங்கே போவது?

ஒரு கல் வைப்பாள், நூலைப் பார்ப்பாள், அடுத்த கல்லுக்குக் கலவையை அள்ளுவாள், கட்டில் தட்டும். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தால் அள்ளிய கலவை காய்ந்திருக்கும். தட்டாமல் இருக்கிற நேரத்தில், இப்போது தட்டுவானோ, அடுத்த கல்லுக்குத் தட்டுவானோ என்று காது கட்டில் பக்கமே கிடக்கும். கண் நூலில் இருக்கும், கை கல்லில் இருக்கும், அவள் மட்டும் அங்கே இருக்க மாட்டாள். சுவர் வளர்ந்தது, ஆனால் கை பழகவில்லை. சித்திரை முழுக்க அவள் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள், கை சித்தாளின் கையாகவே இருந்தது. உச்சியில் துடிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. அங்காயி ஒவ்வொரு நாளும் விரலால் அளந்து பார்த்து, நெல்லிக்காய் அளவு என்றாள், புளியங்கொட்டை அளவு என்றாள், பிறகு ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

"ஏ மாமா, ஒரு பொழுது தட்டாம இருக்க மாட்டியா?" என்று ஒருநாள் அவள் கத்தியேவிட்டாள். "எனக்கு இத விட்டா வேற ஒன்னுமில்ல. கொஞ்சம் விடு என்னய." அவன் அவளையே பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு தட்டினான்.

வைகாசி பிறந்து சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி தூக்குக்குண்டோடு வந்தார். சுவரின் உச்சியில் கட்டையைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றது. மேலே சுவரை ஒட்டியிருந்த நூல் கீழே ஒரு சாண் விலகி நின்றது. அவர் நூலைச் சுற்றிப் பையில் போட்டார்.

"மேல போகப் போக வெளிய சாயுது சிலம்பாயி."

"தெரியுதுங்க."

"உச்சி?"

அவள் தொட்டுப் பார்த்தாள். எலும்புதான், கல் போல. "மூடிருச்சு."

"செரி விடு. நாளைக்கி வந்துரு, தெருக்கோடி வீட்டுல மேல்மாடிக்குக் கல்லு ஏத்தணும். சும்மாட எடுத்துக்க." வாசல் வரை போனவர் திரும்பி, "ஒனக்கு என்னதான் உள்ள போச்சு?" என்று கேட்டார்.

"ஒன்னும் போவலிங்க. இருந்த பிஞ்சும் வெம்பிப் போச்சு."

அவர் போனபிறகு அவள் சுவரடியில் நின்றாள். அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. நாளைக்குச் சட்டி, நாளை மறுநாள் சட்டி, கழுத்து ஒடிகிற வரைக்கும் சட்டி. ஊரில் எவனெவனுக்கோ நீச்சல் வந்தது, இந்தி வந்தது, அவள் தலை மட்டும் திறந்து வெறும் காற்று வாங்கிவிட்டு மூடிக்கொண்டது.

கட்டில் தட்டியது.

கால்கள் நகர்ந்தன. பானையில் டம்ளரை முக்கி எடுத்துக்கொண்டு, கொல்லை வாசலைப் பார்த்துப் பாதி தூரம் வந்தாள். கட்டில் மறுபடியும் தட்டியது, அவள் நின்றுவிட்டாள்.

அவளுக்குப் புரிந்தது. ரைஸ்மில் முதலாளிக்கு ஒருநாள் காலையில் இந்தி புரிந்த மாதிரி, சந்தேகத்துக்கே இடமில்லாமல், வீட்டில் பேசுகிற பேச்சைப் போலப் புரிந்தது. தண்ணீர் இல்லை. கஞ்சி இல்லை. விசிறியும் இல்லை, மூத்திரச் சட்டியும் இல்லை.

இங்க ஒக்காரு, என்கிறான்.

தன் இடுப்புக்குப் பக்கத்தில், தேய்ந்து மழுங்கிப் போன அந்த இடத்தில், ஒரு ஆள் உட்கார்கிற அகலத்தில், இடது கையால் தட்டித் தட்டி, ஒக்காரு புள்ள, கொஞ்சம் ஒக்காரு என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுந்து எழுந்து ஓடியிருக்கிறாள். கொண்டுவந்துவிட்டாளே என்று அவனும் குடித்திருக்கிறான், குடித்ததற்கு மூத்திரச் சட்டி தேவைப்பட்டிருக்கிறது, அதற்கும் அவள்தான் ஓடியிருக்கிறாள்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இதுக்கா?" என்றாள். "இதுக்குத்தானா எந்தலையத் தொறந்து வெச்சிருந்துச்சு? ஒரு கரண்டிக்கு ஆசப்பட்டேன் மாமா. ஒரே ஒரு கரண்டிக்கு. அதக்கூட விடாம நீயே வந்து உள்ள புகுந்துக்கிட்டியா?"

அவன் தட்டினான். அதுவும் புரிந்தது. இப்போது எல்லாமே புரிந்தது. அதான் பாத்தேனே, அந்தச் செவுத்த எவன் செவுருன்னு சொல்லுவான், என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இவ்வளவு நேரம் வராத அழுகையும் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் அந்தத் தேய்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். பலகை கிறீச்சிட்டது. அவன் கை அவள் சேலைக் கரை மேல் வந்து விழுந்து, பிறகு தட்டவே இல்லை.

தெருக்கோடி வீட்டில் சாப்பாட்டு வேளை முடிந்து வேலை தொடங்கியிருந்தது. எவனோ ஒரு கொத்தனார் கரண்டிக் கட்டையால் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினான், எவளோ ஒருத்தி சட்டியோடு ஓடுகிற கொலுசுச் சத்தம் கேட்டது. சிலம்பாயியின் கால்கள் துள்ளின. அவள் ஒரு கையால் முழங்காலை அழுத்திப் பிடித்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் போக வேண்டும், நாளைக்குப் போவாள். கையில் இன்னும் டம்ளர் இருந்தது. அவனுக்கென்று எடுத்து வந்த தண்ணீரை அவளே குடித்தாள்.